எட்டாம் பாடவேளை

வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து
ஆட்டோவில் வந்திறங்கின:
கழுத்தில் கயிறு இறுக்கிய ஜெம்பே ஒன்று,
ஒட்டிப் பிறந்த இரட்டையராய் ஒரு பொங்கோ,
முதுகில் ஓட்டை போட்ட மரப்பெட்டி ஒன்று.
கையெழுத்து வாங்கிய பியோன்
"டீச்சர், பெட்டிக்குள்ள ஒண்டுமில்லை,
கையை விட்டுப் பாத்திட்டன்" என்றார்.

பிள்ளைகள் முப்பத்தெட்டு.
மிச்சப் பேருக்குத்
தண்ணிப் போத்தல், கொம்பாஸ் பெட்டி,
உடைந்த கதிரையின் முதுகு, வாங்கு,
சப்பாத்துக் கால்.

ஒரு மணிக்குப் பத்து நிமிடம் கிடக்கும்.
குருநகர்க் காற்று கருவாட்டு மணத்தோடு
யன்னலுக்குள் தலைநீட்டும் நேரம்.
தரம் ஒன்பது, சி பிரிவு.

மருதனார்மடத்தில் நாலு வருஷம்
மிருதங்கம் படித்த கை எனக்கு.
பிரேசில்காரன் அடித்தாலும்
கானாக்காரி அடித்தாலும்
என் தொடையில் வந்து விழும்போது
எல்லாம் ஆதிதாளம்.
எட்டுக்குள் மடித்து வைத்துவிடுவேன் உலகத்தை.
"டீச்சர், நீங்கள்தான் பிழை விடுறீங்கள்"
என்றாள் மரிய கெனிஷா, எழும்பாமலே.
ஓம். நான்தான்.

கரும்பலகையில் எழுதினேன்:
யன்னல் பக்கம் மூன்று.
கதவுப் பக்கம் நாலு.
ஒரே நேரத்தில் தொடங்க வேணும்,
ஒருவர் கையை ஒருவர் பார்க்கக் கூடாது.
தொடங்கினார்கள்.
சின்னக்கடையில் மீன் ஏலம் கூறுகிற மாதிரி இருந்தது.

மரப்பெட்டியில் யார் குந்துவதென்று சண்டை வேறு.
"இதின்ர பேர் கஹோன்.
பெருவுக்கு அடிமையாய்க் கொண்டுபோன சனத்திட்டை
மேளத்தைப் பறிச்சுப்போட்டினமாம்.
அவை சாமான் பெட்டியைத் திருப்பிப் போட்டு
மேலை குந்தி அடிச்சினமாம்."
அன்ரன் டிலூக்சன்,
விடிய முன்னம் எழும்பி
வலையில் மீன் கழற்றிவிட்டு வருபவன்,
முதல் மூன்று பாடமும் நித்திரை,
கேட்டான்:
"பிறகு பெட்டியையும் பறிச்சவையோ?"
எனக்குத் தெரியாது.
கைநூலில் அது இல்லை.

அடுத்த நாள்
தகப்பனின் ரெஜிபோம் மீன்பெட்டியைத்
தலையில் கவிழ்த்தபடி வந்தான்.
பக்கத்தில் நீலப் பெயின்ரால் முதலாளி பெயர்.
கழுவித்தான் கொண்டுவந்தானாம்.
வகுப்பு மூக்கைப் பொத்தியது.
அடித்தான்.
மூக்கிலிருந்து கைகள் இறங்கின.
கடலின் சத்தம் என்று எழுத ஆசைதான்.
இல்லை. அது ரெஜிபோம் சத்தம்,
மலிவான, பொருமுகிற சத்தம்,
விழவேண்டிய இடத்தில் விழுந்தது.

அரைச்சுவருக்கு அப்பால் கணிதம்.
சிவகடாட்சம் சேர் வெண்கட்டிக் கையோடு வந்தார்.
"டீச்சர், என்ர பிள்ளையள்
பேனையாலை மேசையைத் தட்டுதுகள்."
மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன்.
அவர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.
மூன்று. நாலு.
"எங்கை சந்திக்கினம்?"
"சந்திக்கேல்லை சேர், மூண்டு நாளாய்."
பன்னிரண்டு கோடு கிழித்தார்.
மூன்றுக்கொரு தரம் வட்டம்,
நாலுக்கொரு தரம் புள்ளடி.
கடைசிக் கோட்டில்
வட்டத்துக்குள் புள்ளடி.
"பொது மடங்குகளுட் சிறியது" என்றன
சுவரின் இரண்டு பக்கமும்.

திருப்பி அடித்தோம்.
முதல் சுற்றில் தவறியது.
இரண்டாவதில்
முப்பத்தெட்டும் ஒரே இடத்தில்,
ஒரே அடி,
பேன்தட்டில் குந்தியிருந்த புறா பறந்தது.
சந்தித்த திகைப்பில்
எல்லாரும் கையை நிறுத்திவிட்டார்கள்.
மூன்றாவது சுற்று இல்லை.

பியோன் தண்டவாளத் துண்டைத் தட்டினார்,
எந்தத் தாளத்துக்கும் சேராமல்.

ஜெம்பே, பொங்கோ, கஹோன்
இரும்பு அலுமாரிக்குள்.
திறப்பு உப அதிபரிடம்.
"டீச்சர், பெட்டி எனக்கு வேணும்,
நாலரைக்கு அப்பா ஐஸ் ஏத்தோணும்."

கடற்கரை வீதியில்
மீன்பெட்டி ஒன்று நடந்து போகிறது.
கீழே நீலக் காற்சட்டை.
இரண்டு கையும் உயர்த்தி
தன் தலைக்கு மேல் தட்டிக்கொண்டு போகிறான்.
மூன்றோ, நாலோ,
இங்கிருந்து கேட்கவில்லை.